வெட்டுப்பட்ட காட்சி

கிள்ளான்
4 மார்ச் 1985

அன்புத் தங்கை பிலோமினாவுக்கு,

நீ கடைசியாக அனுப்பியது கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை. அதில் உன் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. அம்மா செத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அடக்கத்தன்று இங்கிருந்து போனவள் இன்னும் கிள்ளான் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மாவின் தையல் மெஷினை நான் எடுத்துக்கொண்டதுதான் கோபம் என்றால் சொல், நாளைக்கே லோரியில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பிவிடுகிறேன். உன் அண்ணி அதன்மேல் துணி மடித்து வைப்பதோடு சரி.

கப்பல்துறையில் போர்ட் வேலையை விட்டுவிட்டு வீடியோ கடை வைத்தது பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது வரிசையில் நின்று கேசட் எடுக்கிறார்கள். ஒரே ஒரு தலைவலிதான். இந்த வாரம் 'லோரிக்காரன்' படம் வந்திருக்கிறது. கதாநாயகன் லோரியை ஓட்டிக்கொண்டு ஒரு பங்களாவுக்குள் போகிறான். அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கிடக்கிறான். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கிரேன் ஓட்டுகிற பக்கிரிசாமி கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, பாதிப் படத்துக்கு முழு வாடகையா என்று கேட்கிறார்.

கேசட் பெட்டிமேல் அரசாங்க முத்திரைச் சாப்பு குத்தி ஸ்டிக்கர் ஒட்டித்தான் வருகிறது. அந்தச் சாப்பு குத்துகிற இடத்தில்தானே நீ உட்கார்ந்திருக்கிறாய். அந்த பங்களாவில் என்னதான் நடந்தது? உனக்குத் தெரியாமலா இருக்கும்.

உன் பாசமுள்ள அண்ணன்,
டொமினிக்


பிரிக்பீல்ட்ஸ்
12 மார்ச் 1985

டொமினிக் அண்ணனுக்கு,

தையல் மெஷின் உங்களிடமே இருக்கட்டும். எனக்குத் தைக்கத் தெரியாது. நாற்பத்தொரு வயதுத் தங்கைக்குத் தைக்கத் தெரியாது என்பது ஓர் அண்ணனுக்குத் தெரியாமல் இருப்பதும் ஒரு சாதனைதான்.

நான் படத்தை வெட்டுவதில்லை. தணிக்கை அலுவலகத்தில் முன்வரிசையில் மூன்று உறுப்பினர்கள் உட்காருவார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. நான் பின்னால் உட்கார்ந்து வசனத்தை மெல்லிய குரலில் மலாய் மொழியில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர்கள் கையைத் தூக்கினால் நிமிடத்தையும் விநாடியையும் அச்சடித்த பாரத்தில் குறிக்க வேண்டும். குமாஸ்தா வேலை பார்க்கும் இந்தக் கிராணியின் அதிகாரம் அவ்வளவுதான். பாரத்தில் கட்டங்கள் இருக்கின்றன. ரத்தம், குடி, ஆபாசம், மதம், போலீஸ். கத்தி உள்ளே போவது வெட்டு, வெளியே வருவது பரவாயில்லை. பெண்ணைக் கன்னத்தில் அறைவதற்கு மட்டும் கட்டமே கிடையாது. பதினோரு வருடமாக அறைந்துகொண்டிருக்கிறார்கள், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் என்னை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். வெகுஜன ஊடகம் பற்றிய ஆரம்பப் பாடம், பெட்டாலிங் ஜெயாவில் நாலு சனிக்கிழமை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சின்னப் பெண் பாடம் நடத்தினாள். பலகையில் ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் சொல்கிறவர், அந்தப் பக்கம் கேட்கிறவர், நடுவில் வாயிற்காவலர். எது போகலாம், எது போகக்கூடாது என்று அவர்தான் முடிவு செய்கிறாராம். கேட்கிறவரிடம் போய்ச் சேராதவரைக்கும் அது செய்தியே இல்லை என்றாள். மற்றவர்கள் தூங்கினார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் லோரிக்காரன் பங்களாவில் அடி வாங்கவில்லை. அவன்தான் முதலாளியின் மகனை அடிக்கிறான், பாட்டிலை உடைத்து. மகனைக் காப்பாற்ற வந்த போலீஸ்காரனையும் அடிக்கிறான். அதற்குத்தான் கை தூக்கினார்கள். பிறகு மாடிப்படியில் அவனே கால் தடுக்கி விழுந்து தலையை உடைத்துக்கொள்கிறான். விழுந்ததற்குத் தடை இல்லை, ஆனால் வெட்டும்போது சேர்ந்து போய்விட்டது. ஏழு நிமிடம்.

என் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எழுதினேன். இது உங்களோடு இருக்கட்டும். வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். பென்சனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. வேறு எதுவும் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பிலோமினா


கிள்ளான்
10 ஏப்ரல் 1985

அன்புத் தங்கை பிலோவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. கோபப்படாமல் படி.

நீ எழுதியதை பக்கிரிசாமியிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் கப்பல்துறை முழுக்கச் சொல்லிவிட்டார். ஆள் ஆளாய் வந்து, அந்த மாடிப்படி கதையைச் சொல்லுங்கள் என்று நிற்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உன் அண்ணி சாந்தமேரிதான், ஒரு தாளில் அடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாமே என்றாள். அவள் கோயில் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை பாட்டுத்தாள் அடிக்கிற சைக்ளோஸ்டைல் மெஷின் அங்கே சும்மா கிடக்கிறது. தாளுக்கும் செலவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலப் பாட்டுத்தாள் ஒரு கட்டு மிச்சம், அதன் பின்பக்கம்தான்.

பெட்டிக்கு ஒன்று வைத்தேன். 'இந்தப் படத்தில் நீங்கள் பார்க்காத காட்சி' என்று தலைப்பு. பிலோ, பூச்சோங்கிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். படத்தைவிட தாளுக்குத்தான் கிராக்கி. ஒரு குடும்பம் கேசட்டை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மூத்த பிள்ளை தாளைச் சத்தமாகப் படிக்க, முடிந்ததும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

உன் பெயர் எங்கேயும் இல்லை. வெட்டுப்பட்ட இன்னும் நாலைந்து படத்தின் பெயர் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் பாசமுள்ள அண்ணன்,
டொமினிக்


பிரிக்பீல்ட்ஸ்
15 ஏப்ரல் 1985

டொமினிக் அண்ணனுக்கு,

நீங்கள் வைத்திருப்பது கடை. நான் வைத்திருப்பது அரசாங்க உத்தியோகம். நீங்கள் பெட்டிக்குள் வைத்து ஊரெல்லாம் அனுப்புவது என் உத்தியோகத்தைத்தான்.

அந்த ஏழு நிமிடத்தைப் பார்த்தவர்கள் இந்த நாட்டில் எண்ணி ஆறு பேர். அதில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றது தலைமைக் கிராணி முத்துக்குமாரு. அவர் யாழ்ப்பாணத்து மனிதர். பென்சிலைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறவர். யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

எல்லாத் தாளையும் எரியுங்கள். பாட்டுத்தாளின் பின்பக்கம் வேறு. கடவுளுக்காவது பயந்திருக்கலாம்.

நீங்கள் கடிதம் போட்டதும், அண்ணன் கடைசியில் என்னை நினைத்தார் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அது என் முட்டாள்தனம்.

பிலோமினா


கிள்ளான்
2 மே 1985

அன்புத் தங்கை பிலோவுக்கு,

எரித்துவிட்டேன். சாந்தமேரி பக்கத்தில் நின்று பார்த்தாள். மேல்வீட்டுக்காரர் புகை வருகிறது என்று சத்தம் போட்டார். ஒரு தாள் பாக்கியில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று. தெங்கு கிள்ளானா ரோட்டில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. குளுகுளு வசதி, மெம்பர்களுக்குக் காலண்டர். என்னிடம் வருகிறவர்கள் அந்தத் தாளுக்காகத்தான் வந்தார்கள். இப்போது தாள் இல்லை என்றதும் அங்கே போகிறார்கள்.

இந்த 'இரண்டு தங்கச்சி' படம் இருக்கிறதே, அதற்கு மட்டும் ஒரே ஒரு தடவை உதவி செய். முதல் பாதியில் சின்னத் தங்கை சிரித்துக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். அடுத்து பார்த்தால் கண்ணாடி போட்டு, தலையை இறுக்கிக் கட்டி, பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, சிரிக்கவும் இல்லை. நடுவில் என்ன ஆயிற்று? பொம்பளைகள் எல்லாம் அதையே கேட்கிறார்கள். இதற்கப்புறம் சத்தியமாகக் கேட்க மாட்டேன்.

உன் பாசமுள்ள அண்ணன்,
டொமினிக்


பிரிக்பீல்ட்ஸ்
20 மே 1985

டொமினிக் அண்ணனுக்கு,

எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இரண்டு வாரம் யோசித்து இதை எழுதுகிறேன். அண்ணியிடம் கொடுக்குமுன் நீங்கள் படியுங்கள். படித்த பிறகு தாளில் அடிப்பதா வேண்டாமா என்று உங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள்.

சின்னத் தங்கைக்கு நடந்தது இது.

ரயில்வே ஸ்டேஷன். காலை. வடக்கே போகும் ரயில் நிற்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் பிளாட்பாரத்தில் காத்திருக்கிறான். கையில் பச்சை நிற பிஸ்கட் டின். சட்டைப்பையில் இரண்டு டிக்கெட். அவன் வேறு மதம். போய்ச் சேரும் ஊரில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக அவனுக்கும் தங்கைக்கும் பேச்சு.

வீட்டில் தங்கை பையோடு கிளம்புகிறாள். அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது, நான் போய் டாக்டரைக் கூட்டி வருகிறேன், அதுவரை இரு என்கிறான் அண்ணன். தங்கை பையை வைத்துவிட்டு அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறாள்.

அண்ணன் டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை, ஸ்டேஷனுக்குப் போகிறான். "என் தங்கச்சி மனசு மாறிட்டா. எங்க மதத்துலயே மாப்பிள்ளை பாத்தாச்சு. இனிமே அவளைத் தேடி வராதீங்க" என்கிறான். அந்த ஆள் ஒரு கேள்வி கேட்காமல் டின்னை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறுகிறான்.

தங்கை ஓடி வருகிறாள். பிளாட்பாரம் காலி. மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைக்கிறாள்.

சாயங்காலம் அண்ணன் அந்தப் பச்சை டின்னைத் திறந்து மேசைமேல் வைக்கிறான். கடையில் வாங்கினேன், சாப்பிடுங்கள் என்கிறான். அம்மா ஒன்று எடுக்கிறாள். தங்கை இரண்டு தின்கிறாள். காலையிலிருந்து சாப்பிடாத பசி.

மொத்தம் ஆறு நிமிடம். இதை எந்தக் கட்டத்தில் போட்டு வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிலோமினா


கிள்ளான்
17 ஜூன் 1985

அன்புத் தங்கை பிலோவுக்கு,

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் நீதான். கடையில் மூச்சுவிட நேரமில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே சாந்தமேரியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு பெட்டிக்கு ஒரு தாள் வைத்தது போதாமல், தாளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். குளுகுளு கடைக்காரன் ஆள் அனுப்பி ஒரு தாள் வாங்கியிருக்கிறான்.

சண்டைக் காட்சிக்கு வராத பொம்பளைகள் எல்லாம் இதற்கு வருகிறார்கள். பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து வரும் தனலெட்சுமி ஆன்டி கவுன்டரிலேயே அழுதுவிட்டார். "அந்த அண்ணங்காரன் மட்டும் என் கையில கெடைச்சான்னா வெளக்குமாத்தாலயே சாத்துவேன்" என்றார். நானும் ஆமா ஆன்டி, அவனையெல்லாம் சும்மா விடக்கூடாது என்றேன். இதுபோல குடும்பக் காட்சியாக இன்னும் இரண்டு இருந்தால் அனுப்பு. கேட்க மாட்டேன் என்று சொன்னேன்தான், ஆனால் நீயே மனமிரங்கி எழுதியதால் கேட்கிறேன்.

சாந்தமேரிதான் ஸ்டென்சில் அடித்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கண்வலி என்கிறாள். தையல் மெஷினில் பட்டன் போட்டு வைத்திருந்த பழைய பச்சை டின்னைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள். ஏன் என்றால் துருப்பிடித்துவிட்டது என்கிறாள்.

உன் பாசமுள்ள அண்ணன்,
டொமினிக்


பிரிக்பீல்ட்ஸ்
24 ஜூன் 1985

அண்ணா,

நீங்கள் அதைப் படித்தீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பிலோமினா


கிள்ளான்
16 ஜூலை 1985

அன்புத் தங்கை பிலோவுக்கு,

கடையில் சோதனை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அமலாக்க அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். திருட்டு கேசட் தேடித்தான் வந்தார்கள், என்னிடம் அது கிடையாது. ஆனால் 'இரண்டு தங்கச்சி' படத்தின் பெட்டி ஒன்றைத் திறந்ததும் தாள் கீழே விழுந்தது. இது என்ன என்று கேட்டார்கள். முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் கதை. அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. படத்தில் வெட்டுப்பட்ட காட்சி என்று நான் உளறினேன். அந்தப் படத்தின் பெட்டிகள் அத்தனையும் தாளோடு எடுத்துப் போய்விட்டார்கள். நல்லவேளை, மற்ற தாள்களை ஏப்ரலிலேயே எரித்தேன்.

இரண்டில் ஒன்றுதான் என்கிறார்கள். வெட்டுப்பட்ட காட்சி உண்மையானால், அது வெளியே வந்தது ரகசியம் கசிந்த குற்றம், சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டும். உண்மை இல்லையென்றால், நான் பொய்க் கதை கட்டி ஜனங்களை ஏமாற்றியிருக்கிறேன், கடைக்கு மூன்று மாதப் பூட்டு.

பிலோ, உன் கடிதம் என் மேசை டிராயரில் இருக்கிறது. அதைக் காட்டினால் நான் கதை கட்டவில்லை என்பது நிரூபணமாகும், உன் வேலை போகும். காட்டாவிட்டால் கடை போகும். மூன்று மாதம் பூட்டினால் திறக்கும்போது ஒரு வாடிக்கை இருக்காது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்யட்டும், சீக்கிரம் எழுது.

டொமினிக் அண்ணன்


பிரிக்பீல்ட்ஸ்
29 ஜூலை 1985

டொமினிக் அண்ணனுக்கு,

உங்கள் தாள் என் மேசைக்கே வந்தது. தமிழில் எது பிடிபட்டாலும் மொழிபெயர்ப்புக்கு எங்கள் அலுவலகத்துக்குத்தான் அனுப்புவார்கள். எங்கள் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது நான். நான் எழுதியதை, அண்ணி டைப் அடித்ததை, அதிகாரி சிவப்பு மையில் எண் போட்டுக் கொடுத்ததை, உட்கார்ந்து மலாயில் எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிஸ்கட் தின்கிற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இந்தக் காட்சி அலுவலகத்துக்கு வந்த படத்தில் இருந்ததா? இல்லை என்று எழுதினேன். அது உண்மை. அந்தப் படத்தில் வெட்டியது ஒரு சண்டையும் ஒரு குடிக்கிற காட்சியும்தான்.

முத்துக்குமாரு என் வார்த்தையை நம்பிவிடுகிறவர் இல்லை. வெட்டுவதற்கு முந்தைய முழுப் படத்தையும் போடச் சொல்லி, பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் பார்த்தார். பிறகு தாளை எடுத்து இன்னொரு தடவை படித்தார். "உது படத்திலை இல்லைத்தான், பிள்ளை. ஆனா கட்டின கதை மாதிரியும் தெரியேல்லை" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரகசியக் கசிவு இல்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார். என் வேலைக்கு ஆபத்து இல்லை. பூட்டு உங்களுக்குத்தான் வரும்.

இப்போது நீங்கள் டிராயரைத் திறந்து என் கடிதத்தை எடுக்க நினைப்பீர்கள். எடுங்கள். ஆனால் யாரிடமும் காட்டுமுன் ஒரு தடவை படியுங்கள். நீங்கள் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். படித்திருந்தால் தனலெட்சுமி ஆன்டியோடு சேர்ந்து அந்த அண்ணனைத் திட்டியிருக்க மாட்டீர்கள்.

அது எந்தப் படத்திலும் இல்லை. 1968ஆம் வருடம், கோலாலம்பூர் ஸ்டேஷன். அந்த ஆள் சபாபதி. அண்ணன் நீங்கள்.

அம்மா கடைசி வாரத்தில் சொல்லிவிட்டாள். சொல்லாமல் சாக முடியவில்லை என்றாள். அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு வலியே இல்லையாம், நீங்கள் படுக்கச் சொன்னீர்களாம். ஸ்டேஷனில் அவரைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து டின்னைக் காட்டினீர்களாம். அதுவரைக்கும் பதினைந்து வருடம் அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து அவரை வெறுத்தேன். நல்ல மனிதரை வெறுத்தேன். அதற்காகத்தான் உங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தையல் மெஷினுக்காக இல்லை.

உங்கள் முகத்துக்கு நேரே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் வெட்டுப்பட்ட காட்சி வேண்டும் என்று கேட்டபோது, இப்படியாவது சொல்லலாம் என்று தோன்றியது. அந்த வகுப்பில் சொன்னதை நான் யோசித்திருக்க வேண்டும். ஒரே ஒருவருக்காக எழுதினேன். அது கிள்ளான் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, பூச்சோங்குக்கும் போனது, அலுவலகத்துக்கும் திரும்பி வந்தது. உங்களிடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

அவர் ஈப்போவில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறார் என்று கேள்வி. அவரைத் தேடிப் போக வேண்டாம், அவர் வீட்டில் இதைத் திறக்க வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்டேஷனில் நீங்கள் பேசிய வசனம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியவில்லை. அதை மட்டும் நானாக எழுதினேன். அவர் எப்படி ஒரு கேள்வி கேட்காமல் ரயில் ஏறினார், பிறகு ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பிலோமினா


கிள்ளான்
19 ஆகஸ்ட் 1985

பிலோ,

படித்தேன். உண்மையைச் சொன்னால், தனலெட்சுமி ஆன்டி ஸ்டேஷன் என்று வாயெடுத்தபோதே எனக்குச் சுருக்கென்றது. சாந்தமேரி டின்னைத் தூக்கிப் போட்டபோது மறுபடியும். இருந்தும் கடிதத்தை எடுத்துப் பார்க்காமல் நாளைத் தள்ளினேன். நீ ஒரு வரி கேட்டதற்கும் பதில் போடவில்லை.

அதிகாரியிடம் போய், நான்தான் கற்பனையாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. மூன்று மாதம் பூட்டு. அவர் சிரித்துக்கொண்டே, உனக்கு நல்ல திறமை இருக்கிறது, சினிமாவுக்குப் போயிருக்கலாம் என்றார்.

பூட்டுகிற அன்றைக்கு எல்லோரும் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். அந்தக் காட்சி பொய்யாமே என்று விஷயம் பரவிவிட்டது. பக்கிரிசாமி என்னைப் பார்க்காமலே பெட்டியை வைத்துவிட்டுப் போனார். தனலெட்சுமி ஆன்டி மட்டும் சும்மா போகவில்லை. அத்தனை பேர் முன்னால், இல்லாத ஒன்றுக்காக என்னை அழவைத்துக் காசு பார்த்தாயே, நீயெல்லாம் கோயிலுக்குப் போகிறவனா என்று கேட்டார்.

"பொய் இல்ல ஆன்டி. படத்துலதான் இல்ல. அது என் தங்கச்சிக்கு நடந்தது. அந்த அண்ணன் நான்தான்" என்றேன். அவர் விளக்குமாற்றை எடுக்கவில்லை. கேசட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடித்திருக்கலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ எழுதியதில் ஒரே ஒரு இடம் தப்பு. மதத்தைப் பற்றி நான் அவரிடம் பேசவே இல்லை. அது அம்மாவிடம் சொல்வதற்காக வைத்திருந்த காரணம். மாப்பிள்ளை பார்த்தாச்சு என்றும் சொல்லவில்லை. அவரை மிரட்டத்தான் போனேன். அவர் இரண்டு டிக்கெட்டை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் மிரட்ட வாய் வரவில்லை. அப்பா செத்து ஒரு வருடம், ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னை நிறுத்தி எட்டு மாதம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சார், அவ சம்பளத்துலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது. அவளைக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா எங்கம்மாவுக்குச் சோறு இல்ல" என்றேன்.

ரயில் கார்டு விசில் ஊதிய பிறகுதான் அவர் பேசினார். அதை நான் மறக்கவே இல்லை. "சரி. நான் ஒரு வருஷம் காத்திருக்கேன். நீங்க ஒரு வேலையில உக்காந்துருங்க. உக்காந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, நான் வந்து அவளைக் கூட்டிட்டுப் போறேன். நடுவுல நான் லெட்டர் போட்டா அவ எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பி வந்துருவா. அதனால நான் போடல. நான் காத்திருக்கேன்னு நீங்களே அவகிட்ட சொல்லிருங்க." அப்படிச் சொல்லிவிட்டு, முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதி டின்னோடு கொடுத்தார்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. வேலை கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ஏழாவது மாதம் போர்ட்டில் வேலை கிடைத்தது. முகவரி என்னிடம்தான் இருந்தது. ஆனால் அதற்குள் சாந்தமேரியை எனக்குப் பேசியிருந்தார்கள், கல்யாணமானால் கிள்ளானுக்கு வந்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ இருந்தாய். அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

டொமினிக்